காலுலேந்து கட்டின மொகம்

அட, கால நல்லா நீட்டி குந்து அண்ணாத்தே. பாயி அயுக்கு இல்ல, காலைலதான் ஒதறிப் போட்டேன். மெயின் ரோட்டுலேந்து இம்மாந்தூரம் வெயில்ல நடந்து வந்துகீற, ரவ காத்தாட இரேன். சாவிக்கு இன்னா அவசரம்? எங்க ஊட்டுக்காரருகிட்டதான் கீது. பாடி வரைக்கும் போய்கீறாரு, வந்துடுவாரு. சின்னம்மா செல எங்க ஓடிடப் போவுது? கோயிலு பொட்டிக்குள்ள பத்திரமா கீது. நீ வந்து பாலீசு போட எடுத்துகினு போவணும்னுதான் காத்துகினு கீது.

டீ குடிக்காம அனுப்ப மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். பால் வாங்க பக்கத்து ஊட்டு பேபிய அனுப்பிகீறேன். அவ ஆடி அசஞ்சி, நாலு பேருகிட்ட நாயம் பேசிட்டுதான் வருவா. வரட்டும், நமக்கு இன்னா?

ஏன் கால உள்ள இழுத்துக்கிற? நான் பாத்துட்டேன்னா? பாத்தேன்தான், கண்ணு எதுக்கு கீது? எடது கால்ல ரெண்டாவது வெரலு கட்டவெரலு மேல ஏறி சவாரி பண்ணிகினு கீது. செருப்பு போட்டா கடிக்காதா? ஓ, பொறவிலியே அப்டியா. சரி சரி, மூஞ்ச சுளிக்காத, சொம்மாதான் கேட்டேன். என் வாயி அப்டி.

இன்னா திரும்பிப் பாக்கற? இருமலா? அது ஒண்ணுமில்ல, அந்த கோணிப் படுதாவுக்கு அந்தாண்ட ஆட்ட கட்டிகீறேன். அதுக்கு சளி புடிச்சிகினு ரெண்டு நாளா ஒரே இருமலு.

ஆமா, எங்க ஊட்டுக்காரரு கால தாங்கித் தாங்கித்தான் நடப்பாரு. அந்தக் காலோட பாடிலேந்து நடந்தா வருவாருன்னு கேக்கறியே, அவரு காலு சரியில்லன்னு உனக்கு எப்டி தெரியும்? பித்தளக் கடைக்காரரு சொன்னாரா. பாடில கீற அந்த பாத்திரக் கடைக்காரரா. சரிதான். பாத்திரத்தோட சேத்து ஊராங்க காலையும் எட போடறாரு போல.

கோச்சிக்காத அண்ணாத்தே. நான் பொறந்ததே சந்தேகத்துலதான். பால்காரன் கேனத் தொறக்கறதுக்கு முன்னாடியே, தண்ணி கலந்துகீறியாடான்னு சண்டைக்கு நிப்பேன். கன்னியம்மான்னு பேர் வச்சாங்க, இந்த தெருவுல போலீசுன்னுதான் கூப்புடுவாங்க. அவரு கால் கதைய சொல்றேன் கேளு, அதுக்குள்ள பேபி வந்துடுவா.

அவரு பேரு உலகநாதன். எஸ்டேட்டுல ஒரு கம்பெனில லாரிக்கு லோடு ஏத்தற வேல. அவங்க அப்பாரு, சித்தப்பன்லாம் ஏரிக்கு கீய அடுத்தவன் வயல்ல கூலிக்கு நாத்து நட்டவங்க. எஸ்டேட்டு வந்துச்சி, வயலு கம்பெனியாச்சி, நாங்களும் சங்கு ஊதினா சோத்துத் தூக்க எடுத்துகினு ஓடற ஜாதியா ஆயிட்டோம். எதெது போனாலும் எங்க கொல்லமேட்டு எட்டியம்மன மட்டும் உடல. ஆடி வந்தா தீமிதி. இவரு மீச மொளைக்காத காலத்துலேந்து குண்டத்துல எறங்கறவரு. பாதத்துல ஒரு கொப்புளம் பாத்ததில்ல.

நெருப்புல நடக்கறது பெரிய விசயமே இல்லன்னுவாரு. அதுக்கு முன்னாடி காப்பு கட்டிகினு கோயிலு வாசல்ல குந்தறாங்க பாரு, அதான் வேலையாம். சாயங்காலம் ஆனா பூசாரி அய்யாசாமி எல்லாரையும் வரிசையா குந்த வச்சிடுவாரு. கண்ண மூடு, அம்மா மொகத்த உள்ள கொண்டா, நிறுத்து. அவ்ளோதான் சொல்லுவாரு. கண்ண மூடிகினே பாக்கணும். பொட்டு தெரியணும், மூக்குத்தி தெரியணும், ஒதடு தெரியணும். ஆடக்கூடாது, அசையக்கூடாது. குண்டத்துல கால் வைக்கறப்ப உள்ள அந்த மொகம் நின்னா நெருப்பு பூவாட்டம் இருக்குமாம். மொகம் கலஞ்சா நெருப்பு நெருப்புதான்.

இவரு அதுல கில்லாடி. குந்தினார்னா மேல எறும்பு ஏறினாலும் தெரியாது. மத்தவங்க கண்ண தொறந்து தொறந்து மூடிகினு கீறப்ப, இவரு மூஞ்சில ஒரு சிரிப்பு ஓடிகினே இருக்கும். நான் தூர நின்னு பாப்பேன். எனக்கே ரவ பொறாமையா இருக்கும், நம்மள ஒரு நா இப்டி பாத்துகீறானா இந்தாளுன்னு.

எங்க கெட்டுச்சி தெரியுமா? போன வருசத்துக்கு மின்ன வருசம் தை மாசம், செலைக்கு பாலீசு போட்டாங்க. ஆமா, உன் மச்சான் வந்து எடுத்துகினு போனாரே, அப்பத்தான். உன் தங்கச்சி புருசன்தான அவரு? அக்கா புருசனா? வந்தவுடனே தங்கச்சி புருசன்னு சொன்னியே. சரி உடு, யாரு புருசனா இருந்தா எனக்கு இன்னா.

ஐம்பொன்னு செல. மொயங்கால் ஒசரம் இருக்கும். எங்க பாட்டன் பூட்டன் காலத்துது, எண்ணெ ஏறி கருகருன்னு கெடந்துச்சி. போயிட்டு வந்தப்ப பாக்கணும், தகதகன்னு ஜொலிச்சிது. அதே மாசம்தான் கோயிலுக்கு கரண்டு இழுத்து டியூப்லைட்டு போட்டாங்க. ஊரே வாய பொளந்துகினு நின்னுச்சி. அம்மா சிரிக்கறா பாருன்னாங்க. அப்பால ஊர்வலம். பல்லக்கு தூக்கினவங்க, இன்னாடா இது, அம்மா கனமே தெரியலயே, பூவாட்டம் வந்துட்டாளேன்னு சொல்லி சொல்லி அயுதாங்க. நம்ம மேல மனசு எறங்கிட்டா, அதான் பாரம் கொறஞ்சிடுச்சின்னு பூசாரி துண்ணூறு வச்சாரு. நானும்தான் கன்னத்துல போட்டுகினேன். நாங்க கும்புடறவங்க அண்ணாத்தே, எங்க பாக்கறோம்? கைய தூக்கிகினு அயுவறோம், அவ்ளோதான். பாக்கறது காப்பு கட்டினவங்க மட்டும்தான்.

அந்த ஆடில குந்தினாரு. மொத நாளே தகராறு. கண்ண மூடினா புது பாலீசு மொகம் நேரா, ஜோரா வருதாம். ரவ நேரம் நிக்குதாம். அப்பால மெதுவா தல சாயுது. எடது பக்கமா, நம்ம சொல்றத காது குடுத்து கேக்கற மாதிரி. ஜொலிப்பெல்லாம் அணஞ்சி போவுது. கண்ணுக்கு கீய, கன்னத்துல அம்மத் தயும்பு மாதிரி ஒரு பள்ளம் உயுது. ஊரே கொண்டாடற பாலீசு மொகம்தான் அம்மா மொகம்னு நம்பிகினு கீறவரு, பதறிட்டாரு. அம்மா மொகத்துல பள்ளம் உயுறதுன்னா சொம்மாவா? மனசாலயே தலய நிமுத்தறாரு, மறுபடியும் சாயுது. பள்ளத்த மூடறாரு, மறுபடியும் உயுது. பல்ல கடிச்சிகினு இறுக்கிப் புடிச்சா, மொகமே கலங்கிப் போயி வேற வேற மொகமா ஓடுதாம். கம்பெனி போர்மேன் வரான், செத்துப்போன அவங்கம்மா வராங்க, கடசீல ஒரு எருமை வருது. அம்மா இருக்க வேண்டிய எடத்துல எருமை வந்து நிக்குது கன்னின்னு அப்பால எங்கிட்ட சொல்லும்போது தேம்பித் தேம்பி அயுதாரு.

ஆனா அப்ப சொல்லல. சொன்னா மனசு கெட்டவன், காப்ப அவுறுடான்னுவாங்கன்னு பயம். ஊட்டுக்கு வந்தா சோறு எறங்கல, பேச்சு இல்ல. நான் இன்னா நெனப்பேன்? எவளோ ஒருத்தி உள்ள பூந்துகினா, அதான் அம்மா நிக்க மாட்டறான்னு நெனச்சேன். மண்ணூர்பேட்டைல இட்லி கடை வச்சிகினு கீறா ராஜம்மான்னு ஒருத்தி, இவரு அங்கதான் நாஷ்டா துன்னுவாரு. போய் அவ மூக்குத்திய பாத்துட்டு வரலாம்னு போனேன். அவளுக்கு மூக்கே குத்தல. வெறும் கையோட வரக்கூடாதுன்னு ரெண்டு இட்லி துன்னுட்டு வந்தேன்.

இவரு பாட்டு தனி. எவனோ செய்வின வச்சிட்டான்னு வாசப்படிக்கு கீய தோண்டறாரு. பேபி குடுத்த கொயம்ப நாய்க்கு ஊத்தறாரு. கூட குந்தறவங்கள்ல எவன் மொனகறான், எவன் மொறைக்கறான்னு ஒவ்வொருத்தன் வாயையும் பாத்துகினு கீறாரு. அடுத்தவன் வாய பாத்துகினு குந்தினா அம்மா எங்க நிப்பா?

கரண்டக்காலுல இன்னா அது, வெள்ள வெள்ளயா? இல்ல, வேட்டி ரவ ஏறிச்சி, கண்ணுல பட்டுச்சி. வெந்த தயும்பு மாதிரி கீதே. காச்சின மெயுகு கொட்டிடுச்சா! ஐயய்யோ, எம்மாம் எரிஞ்சிருக்கும். ஆனா ஒண்ணு கேக்கறேன், பாலீசு போடறவருக்கு மெயுகு எதுக்கு? செல வார்க்கறவங்கதான மெயுகுல மொதல்ல உருவம் புடிப்பாங்கன்னு சொல்லுவாங்க? ஓ, மெயுகு இல்ல, அரக்கா. இப்ப அரக்கு. சரி, அரக்குன்னே வச்சிக்குவோம்.

ஆடுதான். இருமட்டும், நீ அந்தப் பக்கம் பாக்காத.

தீமிதி அன்னிக்கி இவருதான் மொத ஆளா எறங்கணும். பம்ப அடிக்கறாங்க, வேப்பெலய கைல புடிச்சிகினு நிக்கறாரு. நான் இந்த முனைல, பால் ஊத்தின பள்ளத்துகிட்ட நின்னுகினு கீறேன். இவரு இன்னா பண்ணாரு, மொகத்த நேரா இறுக்கிப் புடிச்சிகினே கால வச்சிட்டாரு. பாதி தூரம் சோக்கா வந்தாரு. அங்க தல சாஞ்சிடுச்சாம். நிமுத்தப் பாத்துகீறாரு. அவ்ளோதான், மொகம் போச்சி. குனிஞ்சி கீய பாத்துட்டாரு. ஓடி வந்து என் கால்கிட்ட உயுந்தாரு. பாதம் ரெண்டும்... வேணாம், டீ குடிக்கப் போற நேரத்துல அத்த சொல்லல.

நெருப்பு சுட்டுச்சின்னா இந்த பக்கத்துல இன்னா அர்த்தம்னு உனக்கு நான் சொல்லணுமா? சாராயம் குடிச்சிட்டு எறங்கினான்னு ஒருத்தன். வெரதத்துல பொண்டாட்டிய தொட்டுட்டான்னு ஒருத்தன். கோயிலு பெரிய மனுசன் வீராசாமி கூட்டத்துக்கு நடுவுல நின்னு சொல்லிட்டாரு, உலகநாதன் உள்ளமே கலீஜு, இனிமே அவனுக்கு காப்பு கெடயாதுன்னு. கலீஜாம்! எங்காளா கலீஜு? பேபி தங்கச்சி கல்யாணத்துல பந்தில பரிமாறப் போனேன். சோத்துத் தட்ட எடுத்துகினு கிட்ட போறேன், எலைக்கு மேல கைய வச்சி மூடிகினாங்க அண்ணாத்தே. ஒருத்தி இல்ல, அந்த வரிசையே மூடிகிச்சி. இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது. பாதம் ஆறிடுச்சி, அது ஆறல.

வாயெலைய சுத்திகினு ஊட்டுல கெடந்தாரு. கண்ண மூடவே பயம் அவருக்கு. மூடினா எருமை வருதாம். ஒரு நா எனக்கு பொறுக்கல. யோவ், எவ மொகம்யா அது, இன்னிக்கி சொல்லிடுன்னு புடிச்சி உலுக்கினேன். அப்பத்தான் இத்தினியும் வெளிய வந்துச்சி. எவளும் இல்ல கன்னி, அம்மாதான், ஆனா சாயறா, பள்ளம் உயுது, நான் நிமுத்த நிமுத்த எருமையா ஆயிடறான்னாரு. நானும் அயுதேன். ராஜம்மாவ கூட மனசுல மன்னிச்சிட்டேன்.

நான் சந்தேகக்காரிதான், ஆனா சின்ன வயசுல மாடு மேச்சவ. மெரண்ட மாட்ட தொரத்தினா அது அயனம்பாக்கம் ஏரிய தாண்டி ஓடும். கண்டுக்காம நீ பாட்டுக்கு குந்தினா, அதுவே மேஞ்சிகினு கிட்ட வரும். அத்ததான் அவருக்கு சொன்னேன். மொகத்த புடிக்கப் போவாத. மொகத்த உட்டுடு. காலுலேந்து வான்னேன்.

கால்னா கால் மட்டும்தான். மெட்டி எத்தினி சுத்து, எனக்கு சொல்லு. நகத்துல இன்னா தெரியுது, சொல்லு. ஆட ஆரம்பிச்சா சண்ட போடாத, கண்ண தொற, மூஞ்ச கயுவு, ரவ தண்ணி குடி. மறுபடியும் காலு. காலு நல்லா நின்னாதான் கொலுசுக்கு ஏறணும், கொலுசு நின்னாதான் பொடவ மடிப்பு. நடுவுல எருமை வந்துடுச்சி கன்னின்னு ஒரு நா கத்தினாரு. வரட்டும்யா, வெரட்டாத, ஓரமா நில்லுன்னு சொல்லிட்டு நீ மெட்டிய பாருன்னேன். அப்பால குபீர்னு சிரிச்சாரு. எருமை ஓரமா போயி குந்திகிச்சி கன்னி, அச போடுதுன்னாரு. நெருப்புல உயுந்தப்பறம் அன்னிக்கித்தான் அவரு சிரிச்சி பாத்தேன்.

நான் பக்கத்துல குந்திகினு புளி ஆஞ்சிகினே கேள்வி கேப்பேன். தள்ளி வைய்யான்னா தள்ளி வைப்பாரு. கிட்ட கொண்டான்னா கொண்டாருவாரு. பின்னால திருப்புன்னேன், திருப்பினாரு. பீடத்துக்கு பின்னால, பல்லக்குல கயிறு போட்டுக் கட்டி கட்டி தேஞ்சிபோன தடம் ஒண்ணு கீதுன்னாரு. உள்ள கீற படம் அவரு சொன்ன பேச்ச கேக்க ஆரம்பிச்சிடுச்சி. சண்ட போட்டப்ப கேக்கல, உட்டு புடிச்சப்ப கேட்டுச்சி.

கடசீல கயுத்துக்கு மேல ஏறினாரு. நான் புளிய அப்டியே வச்சிட்டேன். இன்னாயா தெரியுதுன்னேன். தல சாஞ்சிகினு கீது, கன்னத்துல பள்ளம் கீதுன்னாரு. ஆடுதான்னேன். ஆடல, மலையாட்டம் நிக்கறான்னாரு. அந்த பாலீசு மொகத்த அதுமேல வைய்யேன்னேன். வச்சாரு, வயுக்கிகினு போயிடுச்சி. மறுபடியும் வைன்னேன். மறுபடியும் வயுக்கிடுச்சி, பயய மொகம் அப்டியே நிக்குது. கண்ண தொறந்து என்ன பாத்தாரு. நான் கெட்டுப் போவல கன்னி. எனக்குள்ள நிக்கறவதான் எங்கம்மா. கோயில்ல நிக்கறவ யாருன்னுதான் எனக்கு தெரிலன்னாரு.

உடனே நம்பிடுவேனா நான்? வெள்ளிக்கெயம கோயிலு பாத்திரம் தேய்க்கறேன்னு போனேன். அய்யாசாமிக்கு கண்ணுல பொறை உயுந்து ரொம்ப நாளாவுது, அபிசேகமே கையால தடவிகினுதான் பண்ணுவாரு. பூசாரி, அம்மா கன்னத்துல பள்ளம் ஒண்ணு இருந்துச்சே, எங்க காணோம்னு மெதுவா கேட்டேன். அதுவா, பாலீசுல அடச்சிட்டாங்கம்மா, நல்ல வேலக்காரன்னாரு. பள்ளத்த அடைக்கலாம், சாஞ்ச தலய எந்த பாலீசு நிமுத்தும்? அவரு தண்ணி மொள்ளப் போனப்ப மாலைய தூக்கிட்டு கயுத்த தொட்டேன். நேரா கீது. பின்னால பீடத்த தடவினேன். வயவயன்னு கீது, கயித்துத் தடம் இல்ல. கத்தணும் போல இருந்துச்சி. யாருகிட்ட கத்தறது? பூசாரி கூட்டா, வீராசாமி கூட்டா, எவன் கண்டது? பேசாம அண்டாவ தேச்சி கவுத்துட்டு வந்துட்டேன்.

எங்க எயுந்துக்கிற? குந்து. பஸ்சா? இந்நேரத்துக்கு ஏது பஸ்சு, ஷிப்டு உட்டப்பறம்தான் வரும். கெணத்தடிக்கா? அதான் வந்தவுடனே போயி கால் கயுவிகினு வந்துட்டியே. ஆமா, அப்பவே கேக்கணும்னு இருந்தேன். இந்த ஊருக்கு மொத தபா வரேன்ற. எங்க கெணறு ஊட்டுக்கு பின்னால, கள்ளி வேலி சந்துல கீது. வெளியாளு பக்கத்துல நின்னாலும் தெரியாது. நீ ஒரு வார்த்த கேக்காம நேரா போயி கயுவிகினு வந்தியே, எப்டி? வாளி சத்தம் கேட்டுச்சா. யாருமே தண்ணி எறைக்கலயேப்பா. அன்னிக்கி செலைய எடுக்க வந்தவரும் இங்கதான் கால் கயுவினாராம். உன் மச்சான் சொல்லிகீறாரு போல, போறப்ப கொல்லமேட்டுல உலகநாதன் ஊட்டுக் கெணத்துல கால் கயுவுன்னு.

பைய எதுக்கு அப்டி கட்டிப் புடிக்கற, நான் புடுங்கிக்கவா போறேன்? மணிக்கட்டுல பச்ச குத்திகீறியே, மீனா அது? வாலு அழிஞ்சிப்போன மீனு. சோக்கா கீது. ஆடு இருமுது பாரு, அதுக்கும் மீனு புடிக்கும் போல.

வலது காது மடலு கூட ரவ பிஞ்சி தொங்குது. கடுக்கன் இழுத்துகிச்சா? ஆமா, அது மறுபடியும் இருமுது. நீ ஏன் வேர்க்கற?

அப்பால இன்னா பண்ணோம்னா, யாருகிட்டயும் மூச்சு உடல. போன ஆடில இவருக்கு காப்பு கட்டல. வாசல்ல குந்தறவங்கள தூரத்துலேந்து பாத்துகினு நின்னாரு, பாக்க சகிக்கல எனக்கு. பேபி புருசன்கிட்ட மட்டும் ஒரு நா மெதுவா, உனக்கு மொகம் ஆடாம நிக்குதாடான்னு கேட்டுகீறாரு. அவன் அப்டியே ஒடஞ்சிட்டான். எனக்கும் சாயுதுண்ணா, சொன்னா உன் கதிதான் எனக்கும்னு வாய மூடிகினு கீறேன்னான். எம்மாம் பேரு இப்டி உள்ளுக்குள்ள செத்துகினு இருந்தாங்க பாரு. அன்னிக்கி நைட்டே பேபி எங்கிட்ட வந்து, அக்கா, அந்த கொயம்புல ஒண்ணும் இல்லக்கான்னு அயுதா. தெரியும்டின்னேன்.

தோ, சங்கு ஊதுது. கேட்டியா? ஷிப்டு உட்டாச்சி. எங்க தெரு ஆம்பளைங்க எல்லாம் இப்ப சைக்கிள எடுத்துருப்பாங்க. பேபி அங்க கம்பெனி கேட்டுலதான் நிக்கறா, நேரா இங்க இட்டுகினு வருவா. பாலா? பால் காலைலியே வாங்கி காச்சி அடுப்பு மேல வச்சிகீறேன். டீ உண்டு, பயப்படாத.

ஆடு கெடயாது அண்ணாத்தே. அவரு கால் வெந்தப்பவே ஆட்ட வித்துட்டோம். சின்னம்மா செலயும் கெடயாது. அப்டி ஒரு சாமி எங்க ஊருல இருந்ததே இல்ல. பொட்டிக்குள்ள ஒரு பயய செல கீது, போன தபா பாலீசு போட்டவரு கைராசிக்காரரு, அவரேதான் வரணும்னு, அன்னிக்கி ஆள அனுப்பின அந்த பித்தளக் கடைல போயி பொய் சொல்லிட்டு வந்தது இவருதான். கடைக்காரரு ஆள அனுப்பினாரு. நீ வந்துகீற.

உன்ன நான் பாத்ததே இல்ல. நீ அம்மாவ எடுத்துகினு போன அன்னிக்கி நான் ஆவடில நாத்தனா ஊட்டுல இருந்தேன். கூட தூக்கி வேன்ல ஏத்தினது இவருதான். இங்க கெணத்துல கால் கயுவறப்ப உனக்கு தண்ணி எறச்சி ஊத்தினதும் இவருதான். ஆனா ஒரு தபா பாத்த மொகம், நெனப்புக்கு வர்ல. அதனால அம்மாவ கட்டின மாதிரி உன்னையும் காலுலேந்து கட்டினோம். தண்ணி ஊத்தினப்ப பாத்த வெரலு, கரண்டக்காலு தயும்பு, மீனு, காது. அதுக்கு மேல ஏறல. ஒருத்தன் பேர சொம்மா கெடுக்கக் கூடாது, அந்த வலி எங்களுக்கு தெரியும். அதான் நீ வேற ஒருத்தனா இருந்துடப் போறியோன்னு இம்மாந்நேரம் உங்கிட்ட பேசிகினு ஒண்ணொண்ணா சொல்லிகினு வந்தேன். அவரு படுதாவுக்கு அந்தாண்ட கண்ண மூடிகினு ஒண்ணொண்ணா எடுத்து வச்சிகினு வந்தாரு. நான் சொல்றது அவரு உள்ள கட்டினதோட சரியா பொருந்தினா இருமறதுன்னு பேச்சு.

எதுக்கு இப்ப என் கால்ல உயுற? எயுந்துரு. அம்மா எங்க கீறா, யாருகிட்ட குடுத்த, அத்த பெரியவங்ககிட்ட சொல்லு. ஆனா அதுக்கு மின்ன ஒண்ணு கீது. வீராசாமி வருவாரு, எலைய மூடினவளுங்க வருவாளுங்க, இந்த வாசலே ரொம்பிடும். அவங்க எல்லாருக்கும் நடுவுல, உன் வாயால, சத்தமா சொல்லணும். உலகநாதன் உள்ளத்துல நின்னதுதான் நெச அம்மா, கலீஜு அவன் இல்லன்னு. அத்த நான் காதால கேக்கணும்.

சைக்கிள் மணி கேக்குது பாரு, ஏரிக்கர மேல வந்துட்டாங்க.

யோவ், வெளிய வாயா. பயப்படாத, கண்ண தொறந்துகினே வா. காலுலேந்து காது வரைக்கும் நான் சொல்லிட்டேன். மொகத்த நீயே பாத்துக்க.